வைட்டமின் டி குறைவு, பிரஷர் அதிகம்: ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் வந்தால் என்ன செய்வது?

போன வருடம் ஒரு சாயங்காலம், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் ஓர் அண்ணன் என் கவுன்டரில் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட். அதில் வைட்டமின் டி 14 என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. மற்றது டாக்டர் சீட்டு. ஓரத்தில் 148/92 என்று எழுதி, கீழே 60,000 யூனிட் கேப்ஸ்யூல், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்றிருந்தது. பிரஷருக்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை. உப்பைக் குறைத்து, நடந்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

"தம்பி, டி கொறஞ்சாத்தான் பிரஷர் ஏறுதாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. இத முடிச்சா தானா எறங்கிரும்ல?"

மதுரையில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி ஏதாவது ஓர் உருவத்தில் வாரம் ஒருமுறை வந்துவிடும். சிலர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு, இந்தக் கேப்ஸ்யூலை மட்டும் வாங்கிப் போகவே வருகிறார்கள். சுருக்கமான பதில்: டி-யை ஏற்றினால் பிரஷர் இறங்கும் என்று நம்பி எதையும் நிறுத்தாதீர்கள். விரிவான பதில் கீழே. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. உங்களுக்கு எவ்வளவு டோஸ் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: ரிப்போர்ட்டில் எந்த எண், எந்த அளவு என்று பாருங்கள்

டி அளவைச் சொல்லும் பரிசோதனையின் பெயர் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. 1,25-டைஹைட்ராக்சி என்று இன்னொன்றும் உண்டு. பெயரில் ஓர் எண் கூடியிருப்பதால் அது உசத்தியான பரிசோதனை என்று கேட்டு எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் டி பற்றாக்குறையாக இருக்கும்போதும் அது சாதாரணமாகவே காட்டலாம், ஆகவே குறைபாடு பார்க்க உதவாது.

அடுத்து அலகு. நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று போடுவார்கள். வெளிநாட்டு ரிப்போர்ட் என்றால் லிட்டருக்கு நானோமோல் என்று இருக்கலாம், அதை 2.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அங்கே 35 என்பது இங்கே 14தான். துபாயிலிருந்து வந்த ஒருவர் "எனக்கு 35, நார்மல்" என்று நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை இருந்தால் போதும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2011-ல் அமெரிக்காவில் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 20-க்குக் கீழே குறைபாடு, 30-க்கு மேலே போதுமானது என்றது. ஏறக்குறைய அதே சமயத்தில் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், பெரும்பாலான ஆட்களின் எலும்புக்கு 20 போதும் என்றது. 2024-ல் எண்டோகிரைன் சொசைட்டியே தன் பழைய 30 கணக்கை விட்டுவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் சும்மா இந்தப் பரிசோதனை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆனால் ஆய்வகங்கள் இன்னும் 30 என்றே அச்சடிக்கின்றன. அதனால் 26 வந்தவரும் அம்புக்குறியைப் பார்த்துப் பதறி வருகிறார். 26-க்கும் 14-க்கும் வித்தியாசம் உண்டு. 26-க்குப் பதற்றம் வேண்டாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவராக இருந்தால், ரத்தம் கொடுக்கும்முன் ஆய்வகத்தில் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது டி அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும்.

படி 2: பிரஷர் நிஜமாகவே அதிகமா என்று வீட்டில் உறுதிசெய்யுங்கள்

டி-க்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தால் போதும், ஒரு எண் வந்துவிடும். பிரஷர் அப்படிப்பட்டதில்லை, நிமிடத்துக்கு நிமிடம் மாறும். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மாடி ஏறி, உட்கார்ந்த உடனே பார்த்த ஒரே ஓர் எண்ணை வைத்து நாமாக முடிவுக்கு வரக் கூடாது.

மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் கூடுதலாக வரும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், தொங்கவிட்டால் எண் ஏறும். பேசினாலும் ஏறும். என் கடையில் பிரஷர் பார்க்க உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், பட்டை இறுகும் அந்த நேரத்தில்தான் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம். ஏழு நாள் எழுதிவையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம். கிளினிக்கில் அதன் எல்லை 140/90. நம் அண்ணனுக்கு வீட்டுச் சராசரி 141/88 வந்தது. ஆக, இருப்பது உண்மைதான்.

எண் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே 108.

படி 3: இரண்டுக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அவசரக்காரர்கள் இதைத் தாண்டிவிடலாம். ஆனால் வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து.

உறவு இருப்பதாக நினைக்க நல்ல காரணம் இருந்தது. சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது ஆஞ்சியோடென்சின் என்பதை உண்டாக்கி, ரத்தக்குழாயை இறுக்கி, உப்பைப் பிடித்துவைத்து, பிரஷரை ஏற்றுகிறது. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனாலபிரில் எல்லாம் இந்தப் பாதையை அடைக்கிற மாத்திரைகள்தான். 2002-ல் ஓர் எலி ஆய்வு வந்தது. வைட்டமின் டி வேலைசெய்வதற்கான ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு ரெனின் ஏறியது, பிரஷர் ஏறியது, இதயம் தடித்தது. டி என்பது ரெனினுக்குக் கடிவாளம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் உற்சாகம்.

2007-ல் அமெரிக்காவில் மருத்துவத்துறை ஆண்களையும் செவிலியர்களையும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளியானது. டி 15-க்குக் கீழே இருந்த ஆண்களுக்கு, 30-க்கு மேலே இருந்தவர்களைவிட, அடுத்த நான்கு வருடத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. பெண்களுக்கு இரண்டரை மடங்குக்கு மேல். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்த ரகக் கணக்குதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். என் கடையில் முட்டிவலித் தைலம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பிரஷர் மாத்திரையும் வாங்குகிறார்கள். தைலத்தால் பிரஷர் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. வயதும் எடையும் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தன, அவ்வளவுதான். டி கதையிலும் அதே ஆட்கள்தான். எடை கூடினால் டி கொழுப்பில் போய்ப் பதுங்கி ரத்தத்தில் குறையும், எடை கூடினால் பிரஷரும் ஏறும். வெளியே நடக்காதவருக்கு வெயிலும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. சிறுநீரகம் பழுதானால் டி குறையும், பிரஷரும் ஏறும். கணக்கு எழுதும் அண்ணன் காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருவார். ஊரில் வெயில் கொளுத்தினாலும் அவர் மேல் படுவது டியூப்லைட் மட்டுமே. தொப்பையும் உண்டு.

எது காரணம், எது கூட்டாளி என்று பிரித்தறிய நம்பகமான வழி, பாதிப்பேருக்கு டி கொடுத்து, பாதிப்பேருக்குக் கொடுக்காமல் பார்ப்பது. அதைப் பல முறை செய்துவிட்டார்கள். 2015-ல் டேலைட் என்ற ஆய்வில், டி குறைவாகவும் பிரஷர் கொஞ்சம் ஏறியும் இருந்த, மாத்திரை எதுவும் போடாத 534 பேரைச் சேர்த்தார்கள். நம் அண்ணன் மாதிரியே ஆட்கள், வயது மட்டும் 50-க்குள். ஒரு பிரிவுக்குத் தினம் 400 யூனிட், மறு பிரிவுக்கு 4,000. ஆறு மாதம் கழித்துப் பிரஷரில் வித்தியாசமே இல்லை. அதே வருடம் 46 ஆய்வுகளை, 4,541 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவு. 25,871 பேர் கலந்துகொண்ட வைட்டல் ஆய்வில் தினம் 2,000 யூனிட் ஐந்து வருடம் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் மரபணுக்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு, பிறப்பிலேயே டி கூடுதலாக அமைந்தவர்களுக்குப் பிரஷர் சற்றே குறைவு என்றது. 2024-ல் லெபனானிலிருந்து வந்த ஆய்வில், எடை கூடிய முதியவர்கள் 221 பேருக்கு ஒரு வருடம் டி கொடுத்தபோது பிரஷர் மூன்று புள்ளி அளவுக்கு இறங்கியது. ஆனால் 600 யூனிட் சாப்பிட்டவருக்கும் 3,750 சாப்பிட்டவருக்கும் இறக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட பிரிவு என்று ஒன்று அதில் இல்லை. ஆய்வில் சேர்ந்து அடிக்கடி சோதிக்கப்பட்டாலே பலருக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஆகவே இதை வைத்து மாத்திரையை நிறுத்த நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்த இன்னோர் ஆய்வும் 2014-ல் வந்ததுதான். பிரிட்டனில் 24 பேரைப் புற ஊதா-ஏ விளக்கின் கீழே 20 நிமிடம் வைத்தார்கள். பிரஷர் கொஞ்சம் இறங்கியது, டி அளவு ஏறவே இல்லை. தோலில் சேமிப்பில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு வெளியே வந்து ரத்தக்குழாயைத் தளர்த்தியிருக்கிறது. வெயில் பிரஷருக்கு ஏதாவது நல்லது செய்தாலும், அதற்கு டி காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

படி 4: டி குறைவை டி குறைவுக்காகவே சரிசெய்யுங்கள்

பிரஷருக்கு உதவாது என்பதால் 14-ஐ அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. எலும்பும் தசையும் இருக்கின்றன. படியேறும்போது தொடை தளர்வது, இடுப்பு வலி என்று வருகிறவர்கள் பலர்.

இங்கே வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். அதன்பின் குறைந்த அளவு. கேப்ஸ்யூலாகவும் வரும், பாலில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாகவும் வரும். கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். எடை கூடியவர்களுக்கு டாக்டர் கூடுதல் டோஸ் எழுதலாம்.

இதில் நான் பார்த்த பெரிய தவறு ஒன்றுதான்: வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாகப் போடுவது. ஒரு பெரியவர் நான்கு கேப்ஸ்யூல் அட்டையை நான்கே நாளில் முடித்துவிட்டு அடுத்த அட்டைக்கு வந்து நின்றார். அன்றிலிருந்து பழுப்புக் கவரின் மேல் நீலப் பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுத்தான் கொடுக்கிறேன். 60,000 யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராம்தான். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம், சிறுநீரகக் கல் என்று போகும். கால்சியம் ஏறினால் பிரஷரே ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசியாகப் பெரிய டோஸ் ஒரே தடவையில் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடிப்போனது. முடிவு 2010-ல் வெளியானது.

சைவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் எண்ணெயிலிருந்து வருகிறது. கேப்ஸ்யூல் கூடு பல பிராண்டுகளில் ஜெலட்டின். பாசிக்காளானிலிருந்து எடுக்கிற வகையும் கிடைக்கிறது, விலை கூடுதல்.

படி 5: வெயிலையும் சாப்பாட்டையும் சரியாகக் கணக்குப்போடுங்கள்

"தினம் காலைல ஆறரைக்கு வாக்கிங் போறேனே, அப்புறம் எப்படி டி கொறயும்?" என்பார்கள். நடை பிரஷருக்கு நல்லது. டி-க்கு அந்த நேர வெயில் பயன்படாது. தோலில் டி உண்டாக்கும் புற ஊதா-பி கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது காற்று மண்டலத்திலேயே வடிந்துபோகிறது. திருப்பதியில் கண்ணாடிக் குப்பிகளில் மூலப்பொருளை வைத்து, மணிக்கு மணி வெயிலில் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். டி நன்றாக உருவாவது காலை 11-லிருந்து மதியம் 2 வரை. சென்னைக்கும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான்.

கருவி எதுவும் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் டி உருவாகும். முகத்தை மறைத்துக்கொண்டு கையும் காலும் படும்படி 20 நிமிடம், வாரம் மூன்று நான்கு நாள் என்பது என் சிபாரிசு. கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். பஸ் ஜன்னல் கண்ணாடி, கடைக் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு மட்டும்தான் வரும், இந்தக் கதிர் வராது. சித்திரை, வைகாசியில் நீர் பிரியும் மாத்திரை போடும் பெரியவர்கள் உச்சி வெயிலில் நிற்க வேண்டாம். மயங்கி விழுவார்கள். அவர்களுக்கு மாத்திரையே மேல்.

சாப்பாட்டில் மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள் கரு. பால் பாக்கெட்டில் செறிவூட்டியதற்கான முத்திரை இருந்தால், லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட். இரண்டு டம்ளர் குடித்தால் 100 தேறும். 600 எங்கே, 100 எங்கே.

படி 6: ஏற்கெனவே போடும் மருந்துகளோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ காட்டுங்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய நீர் பிரியும் பிரஷர் மாத்திரைகள் சிறுநீரில் கால்சியம் வெளியேறாமல் பிடித்துவைக்கும். கூடவே டி, கால்சியம் மாத்திரை இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். டெல்மிசார்ட்டான் அட்டையிலேயே சில வகைகளில் இந்த நீர் பிரியும் மருந்துகள் கலந்திருக்கும், பெயருக்குப் பின்னால் "எச்", "சிஎச்" போன்ற எழுத்து இருக்கும். டிகாக்சின் போடும் இதய நோயாளிகளுக்குக் கால்சியம் ஏறுவது ஆபத்து, துடிப்பு தடுமாறும். வலிப்புக்கு ஃபெனிடாயின் போடுகிறவர்களுக்கு டி குறைய அந்த மருந்தே காரணமாக இருக்கலாம்.

டி குறைவு, பிரஷர் இரண்டும் சேர்ந்து வந்தவர்கள், சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகம்தான் பொதுக் காரணம் என்றால் வைத்தியமே வேறு.

படி 7: பிரஷரை நிஜமாகவே இறக்குவதில் கை வையுங்கள்

உப்பிலிருந்து தொடங்குங்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, தலைதட்டி ஒரு டீஸ்பூன். "நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதற்கு நான் சொல்லும் சோதனை: உப்புப் பாக்கெட் உடைத்த அன்று அதன் மேல் தேதி எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில், ஆளுக்கு 5 கிராம் வீதம், மாதம் 600 கிராம் ஆக வேண்டும். ஒரு கிலோ பாக்கெட் முப்பது நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர், ஹோட்டல் சாம்பார் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை.

சோடியம் குறைந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது, ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரைச் சேர்த்து, ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. டி கேப்ஸ்யூலுக்கு இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் நானே கவுன்டரில் அடுக்கிவைத்திருப்பேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்ட்டான், எனாலபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம்.

எடை ஒரு கிலோ குறைந்தால் பிரஷர் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். நடை, மது குறைப்பது, தூக்கம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேட்டவைதான். மாத்திரை எழுதியிருந்தால் போடுங்கள்.

படி 8: மூன்று மாதம் கழித்து இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்

டி ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும், நாலாம் வாரமே பரிசோதித்துக் காசைக் கரியாக்க வேண்டாம். பிரஷரை மட்டும் வாரம் இரண்டு நாளாவது வீட்டில் பார்த்து எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதாமல் தனித்தனித் தாளாக வைப்பது நல்லது. ஒன்று சரியானதைப் பார்த்து மற்றதும் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றாது.

அண்ணன் மூன்று மாதம் கழித்து வந்தார். டி 34. முகத்தில் சிரிப்பு. பிரஷர் நோட்டைக் கேட்டேன், 140/88 சராசரி. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதினீர்களா என்றேன். "எங்க தம்பி, அவ ஜாடில கொட்டி வச்சிர்றா." டாக்டர் இந்தமுறை ஆம்லோடிபின் 5 எழுதியிருந்தார்.

"அப்ப டி-ய நிறுத்திரவா?"

"வாரக் கேப்ஸ்யூல் முடிஞ்சுபோச்சுண்ணே. டாக்டர் கீழ ஒண்ணு எழுதியிருக்கார் பாருங்க, தினம் ஆயிரம் யூனிட். அது எலும்புக்கு." ஆம்லோடிபினை ஒரு கவரிலும் அதை இன்னொரு கவரிலும் போட்டேன். ஒன்றில் பிரஷர் என்று எழுதினேன், மற்றதில் எலும்பு என்று.